இரண்டரை மணிக்கு முதலில் நின்றவர்கள்

1. அந்த வெள்ளிக்கிழமை

கம்ப்யூட்டர் வேலையில் முப்பது வருடம் இருந்தவள் நான். எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் சேர்ந்தேன். மெஷின் புகைந்து பார்த்திருக்கிறேன். டிஸ்க் செத்து, மூன்று மாத வேலை காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் பதறியதில்லை. பதறுகிறவர்களைத் திட்டுவேன், அவ்வளவுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரே ஒரு நாள்தான் பதறினேன். அன்றைக்கு மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மில்லை விட்டுவிட்டு, ராஜபாளையத்திலேயே ஒரு மருத்துவ லேபில் சேர்ந்திருந்தேன். லேபுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை உண்டு, கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில். ரத்தம், சளி, சதைத் துணுக்கு எல்லாம் அங்கே வாங்குவோம். பரிசோதனை ராஜபாளையத்தில் நடக்கும். ரிப்போர்ட்டை மறுபடி அங்கே கொடுப்போம். அங்கே கவுண்ட்டரைப் பார்த்துக்கொண்டவர் ஜெபமணி அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

அன்றைக்குக் கிளையில் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றுவதற்காகப் போயிருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டரைக்குத்தான் திறப்பார்கள். திறந்ததும் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் நின்றது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முந்தானையில் முடிந்திருந்த நம்பர் சீட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, கான்சாபுரத்து அம்மா மொதல்ல வாங்க" என்றார் ஜெபமணி அண்ணன்.

அந்தப் பெண் ஓரடி பின்னால் போனார். "நான் மொதல்ல வரலைய்யா. அந்த அய்யா பாக்கட்டும். நான் பொறவு வாரேன்."

"உங்களுக்கு பஸ் போயிருமேம்மா."

"போனாப் போகுது. மூணு வாரமா மொதல்ல நிக்கேன், மூணு வாரமும் இல்லைன்னுதான் வருது. எனக்குப் பின்னால நிக்கிற ஆளுக்கெல்லாம் கையில காயிதம் வந்துருது. இன்னைக்கு நான் பின்னாலதான் நிப்பேன்."

ராசி பார்க்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். "மொத ஆள், ரெண்டாவது ஆள்னெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா" என்றேன். சிரித்ததும் சொன்னதும் இன்றைக்கும் மறக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற கோர்ட் குமாஸ்தா முன்னால் வந்து நம்பரைக் கொடுத்தார். ஜெபமணி அண்ணன் அடித்தார். திரையில் 'ரிப்போர்ட் இல்லை' என்று வந்தது.

"என்னய்யா இது, காலையில போன் போட்டப்ப ரெடின்னு சொன்னிய" என்று குமாஸ்தா சத்தம் போட்டார். ஜெபமணி அண்ணன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கான்சாபுரத்துப் பெண்ணின் சீட்டை வாங்கி அடித்தார். திரை மெதுவாக மேலிருந்து கீழே வரைந்துகொண்டே வந்தது. ரிப்போர்ட் இருந்தது.

மேலே தேதியைப் பார்த்தேன். லேப் டாக்டர் அதில் கையெழுத்துப் போட்டு நான்கு வாரம் ஆகியிருந்தது.

நான் மாட்டிய புது ரிப்பனில் அது பளிச்சென்று அச்சாகி வந்தது. கருப்பையா, வயது ஐம்பது, நாக்கின் இடது ஓரத்துப் புண்ணிலிருந்து எடுத்த சதை. கடைசி வரியில் புற்றுநோய் என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குமாஸ்தா நம்பரை மறுபடி அடிங்க" என்றேன். அடித்தார். அதுவும் இருந்தது.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் தாயி. கெட்டதா போட்டிருக்கா?" என்று கேட்டார். அவர் பெயர் பேச்சியம்மாள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டாக்டருக்கு போன் போடுங்கள் என்று ஜெபமணி அண்ணனிடம் சைகையில்தான் சொல்ல முடிந்தது.

2. பை இருந்த காலம்

இந்த ஏற்பாடு வந்து அப்போது ஏழு வாரம்தான். அதற்கு முன்னால் ரிப்போர்ட்டெல்லாம் ஒரு ரெக்ஸின் பையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும். பையைத் தூக்கிக்கொண்டு போனவர் இதே ஜெபமணி அண்ணன்தான். ஒருவருடையது பையில் இல்லையென்றால், "பையில காணலைம்மா, லேப்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பார். கேட்டும் சொல்வார்.

டாக்டர், அதாவது லேபின் முதலாளி, சென்னைக்குப் போனபோது யாரோ பிரௌசரைக் காட்டியிருக்கிறார்கள். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நம்ம ரிப்போர்ட்டை அங்க திரையிலயே பாக்கிற மாதிரி செய்ய முடியுமாம்மா?" என்றார். முடியும் என்றேன். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. ராஜபாளையத்தில் ஒரு வெப் சர்வர், அதற்குப் பின்னால் ரிப்போர்ட்டெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ், நடுவில் டெலிபோன் இலாகா கொடுத்த ஒரு லைன், அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டே மாதத்தில் முடித்தேன். நம்பரை அடித்தால் ரிப்போர்ட் வரும். டாக்டர் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் அன்றைக்கு ஒரு விதியும் போட்டார். "சாப்பாட்டு நேரம் முடிஞ்சு திறக்கும்போது, கிராமத்துல இருந்து வந்தவியளை மொதல்ல அனுப்பணும். அவியளுக்கு பஸ் போயிரும். டவுன் ஆளுக செத்த நேரம் நிக்கட்டும்." நல்ல மனிதர், நல்ல விதி. ஜெபமணி அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வெயிலில் நிற்கும் கூட்டத்தில் யார் அதிகத் தூரத்திலிருந்து வந்தவர் என்று கேட்டே உள்ளே விடுவார்.

நானும் ஒரு உத்தரவு போட்டேன். லைன் ரொம்ப மெதுவானது. பக்கம் வருவதற்குள் பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி அமுக்கினால் எல்லாம் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அதனால், "ஒரு நம்பரை ஒரு தடவைதான் அடிக்கணும். என்ன வருதோ அதைச் சொல்லி அனுப்பிருங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பேச்சியம்மாள் மூன்றாம் வாரம் திரும்பிப் போன பிறகு ஜெபமணி அண்ணன் எனக்கு போன் செய்தார். "மேடம், ஒரு அம்மா வந்து வந்து போறாவ. ரிப்போர்ட் இல்லைங்குது."

"நம்பர் என்ன?"

"சீட்டை அவிய கொண்டு போயிட்டாவ மேடம்."

"நம்பர் இல்லாம நான் என்னத்தைப் பாக்க? நீங்க அடிக்கிறதைக் கண்ணைத் திறந்து ஒழுங்கா அடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் போன் செய்யவில்லை.

3. செத்த கனெக்‌ஷன்

இளைய தலைமுறைக்காக இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இப்போதும் இதே தவறை வேறு பெயர்களில் பார்க்கிறேன்.

வெப் சர்வருக்குப் பின்னால் ஒரு சின்ன புரோகிராம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கிளையிலிருந்து ஒரு நம்பர் வந்தால் அதுதான் டேட்டாபேஸிடம் போய்க் கேட்கும். கேட்பதற்கு ஒரு கனெக்‌ஷன் திறக்க வேண்டும். எங்கள் கிழட்டு மெஷினில் ஒரு தடவை திறக்க ஏழெட்டு விநாடி ஆனது. ஒவ்வொரு நம்பருக்கும் திறந்து மூடினால் யார் காத்திருப்பது? அதனால், ஒரு தடவை திறந்த கனெக்‌ஷனை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நம்பருக்கும் அதையே பயன்படுத்தும்படி எழுதினேன்.

அதே மாதத்தில் வேறொரு தொல்லை வந்தது. லேபில் ஆளாளுக்குப் புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் காலையில் இடமெல்லாம் நிரம்பி, டாக்டரே உள்ளே போக முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. டேட்டாபேஸில் டைம்அவுட் வைத்தேன். எந்தக் கனெக்‌ஷனாவது ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் இருந்தால், அதை வெட்டிவிட வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான முடிவுகள். இன்றைக்குக் கேட்டாலும் இரண்டையும் செய்வேன். ஆனால் கிளை ஒரு மணி முதல் இரண்டரை வரை பூட்டியிருக்கும். அந்த ஒன்றரை மணி நேரம் புரோகிராம் எதுவும் கேட்காது. இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் கனெக்‌ஷனை வெட்டிவிடும். வெட்டியது புரோகிராமுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டுப் போன பிறகும் இந்தப் பக்கம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி அது நின்றிருக்கும். இரண்டரைக்கு வரும் முதல் நம்பரை அந்தச் செத்த கனெக்‌ஷனில்தான் கேட்கும். எரர் வரும்.

அந்த எரரை நான் என்ன செய்தேன்? நான் எழுதிய வரிகள் இன்றும் மனப்பாடம். ரிப்போர்ட் கிடைத்தால் காட்டு. கிடைக்காவிட்டால் 'ரிப்போர்ட் இல்லை' என்று காட்டு. கிடைக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. எரர் வந்த கனெக்‌ஷனை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து வை என்றும் எழுதியிருந்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு. திறந்த பிறகு அதே கேள்வியை மறுபடி கேள் என்று மட்டும் எழுதவில்லை. அதனால் முதல் ஆளுக்கு இல்லை, இரண்டாவது ஆள் முதல் எல்லோருக்கும் உண்டு.

காலையில் ஏன் இது நடக்கவில்லை? தினமும் காலையில் வந்து மெஷினைப் போடுவது நான்தான். கனெக்‌ஷன் புதிதாக இருக்கும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் காலையில்தான். மத்தியானம் இரண்டரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. கான்சாபுரத்திலிருந்து களையெடுப்பை முடித்துவிட்டுப் பன்னிரண்டரை மணி பஸ்ஸில் வந்த பேச்சியம்மாள்தான் பார்த்தார். பார்த்து, யோசித்து, வரிசையில் இடம் மாறி நின்றார். என் முப்பது வருடத்தில் அதைவிடச் சரியான டெஸ்ட்டை யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் ஜெபமணி அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் ரெண்டாந்தரம் அடிச்சிருந்தா வந்திருக்குமா மேடம்?"

"வந்திருக்கும்."

"நீங்கதானே அடிக்காதியன்னு சொன்னிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

4. முதல் நம்பர்களின் பட்டியல்

வெப் சர்வர் ஒரு லாக் எழுதி வைக்கும். எந்த நேரத்தில் எந்த நம்பரைக் கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மறுநாள் காலை ஏழு வாரத்து லாக்கையும் அச்செடுத்து, ஒவ்வொரு நாளும் இரண்டரைக்குப் பிறகு வந்த முதல் நம்பரைச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். பெயர்களை எடுத்துப் பக்கத்தில் ஊரை எழுதினேன். ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும் கிராமம். டவுன் ஆட்கள் அந்தக் குழியில் விழுந்தது அபூர்வம். யார் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தாரோ, அவரைத் தேடிப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, முதலில் நிறுத்தி, இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஏழு வாரமும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

பெரும்பாலான நம்பர்கள் அடுத்த நாளோ அடுத்த வாரமோ மறுபடி வந்து ரிப்போர்ட் வாங்கியிருந்தன. ஐந்து நம்பர்கள் மறுபடி வரவே இல்லை. அந்த ஐந்து ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஜெபமணி அண்ணனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனேன். ஐந்திலும் பயப்படும்படி ஒன்றுமில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பெரியவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க இல்லைன்னதும் நான் அம்புட்டுதான் ஆயுசுன்னு நெனைச்சுட்டேன், சொல்லாம மறைக்கிதாகன்னு" என்றார். ஒரு மாதமாக அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவருடைய ரிப்போர்ட்டில் வெறும் குடல்புழு.

புரோகிராமை அன்றைக்கே மாற்றினேன். கனெக்‌ஷனைப் பயன்படுத்துவதற்கு முன் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சின்னக் கேள்வி கேட்கும். செத்திருந்தால் புதிதாகத் திறந்து, வந்த நம்பரை மறுபடி கேட்கும். அப்போதும் முடியாவிட்டால், 'பார்க்க முடியவில்லை, ராஜபாளையத்துக்கு போன் செய்யவும்' என்று திரையில் வரும். டேட்டாபேஸ் வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் மட்டுமே 'ரிப்போர்ட் இல்லை' என்று வரும். மொத்தம் பதினோரு வரி. எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

5. தோப்பு

கருப்பையாவை டாக்டர் தன் காரிலேயே மதுரைக்கு அனுப்பினார். ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் நாக்கில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அறுவை செய்த டாக்டர் எங்கள் டாக்டரிடம் போனில் சொன்னதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. "ஒரு மாசம் முன்னால வந்திருந்தா ஓரத்தோட போயிருக்கும்னு சொல்றாரும்மா."

கருப்பையாவுக்குத் தொழில் தேங்காய் எண்ணுவது. தோப்பில் காய் வெட்டிக் குவித்ததும் கைக்கு இரண்டாக எடுத்துப் போட்டு, ராகம் போட்டு எண்ணுவார். ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். தோப்புக்காரரும் வியாபாரியும் அவர் குரலை நம்பி எதிரெதிரே நிற்பார்கள். கான்சாபுரம் பக்கத்தில் அவர் எண்ணினால் மறுபேச்சு கிடையாதாம். அந்தக் குரல்தான் போனது.

இரண்டு மாதம் கழித்து, நான் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். "மெஷின் கோளாறுன்னு சொல்லியாச்சும்மா. அவியளும் ஏத்துக்கிட்டாவ. உங்க பேரு எதுக்கு நடுவுல?" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஒரு வாரம் அப்படியே விட்டும் பார்த்தேன். காலையில் மெஷினைப் போடப் போனால் சுவிட்ச்சில் கை வைக்க முடியவில்லை. மெஷின் என்ன தப்பு செய்தது? நான் சொன்னதைத்தான் அது சொன்னது.

கான்சாபுரத்தில் விசாரித்துத் தோப்புக்குப் போனேன். கருப்பையா குனிந்து கைக்கு இரண்டாகக் காயை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எண்ணியவர் பேச்சியம்மாள். அவரும் அதே ராகத்தில்தான் எண்ணினார். எதிரே வியாபாரியின் ஆள் குத்தவைத்திருந்தான். எண்ணும்போது கூப்பிடக் கூடாது என்பது எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் நிறுத்திவிட்டுத் திரும்பினார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"பேச்சியம்மா, உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் நீங்க மொதத் தடவை வந்தப்பவே இருந்துச்சு. மெஷின் கோளாறு இல்ல. நான் எழுதினது தப்பு. ரிப்போர்ட் இருக்கிற இடத்தை அந்த நேரத்துல அதால பாக்க முடியல. பாக்க முடியலைன்னா இல்லைன்னு சொல்லிருன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன்."

கருப்பையா இரண்டு கையிலும் காயோடு நிமிர்ந்து நின்றார்.

"இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியலை. அப்படித்தானே?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"ஆமா."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே தாயி. நான் அங்கனயே உக்காந்திருப்பேனே. எதுக்கு இல்லைன்னு சொல்லணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வியாபாரியின் ஆள் எழுந்தான். "எம்புட்டும்மா ஆச்சு?"

பேச்சியம்மாள் குவியலைப் பார்த்தார். ஏறக்குறைய முடிகிற நேரம் அது. வெயில் உச்சியில் இருந்தது. அவர் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அவன் எழுதிக்கொண்டிருப்பான்.

"விட்டுப்போச்சுய்யா" என்றார் அவர். "பேச்சுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. எம்புட்டுன்னு தெரியலை." பிறகு கருப்பையாவிடம், "எல்லாத்தையும் திரும்ப எடுத்துப் போடுங்க, மொதல்ல இருந்து எண்ணுவோம்" என்றார்.

கருப்பையா கையிலிருந்த இரண்டு காயையும் புது இடத்தில் போட்டார். அவருடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"லாபம்" என்றார் பேச்சியம்மாள்.